கொடியும் கிராம சபையும்

பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மாணவர்கள் மாதிரிப் பாராளுமன்றம் நடத்துவதை நாம் அறிவோம். 1966-67-ஆம் ஆண்டில் தில்லிப் பள்ளிகளில் தொடங்கப்பட்ட இம்முயற்சி, பின்னர் நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவியது. இத்தகைய அவை ஒன்றில் தேசியச் சின்னங்கள் பற்றிய தீர்மானமும் ஊராட்சிச் சீர்திருத்த மசோதாவும் ஒரே நாளில் விவாதத்துக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். முன்னதில் உணர்ச்சிமிக்க உரைகள் எழும். பின்னதைச் சிலரே பொறுமையுடன் கேட்பர். சின்னம் நாட்டைச் சார்ந்தது, ஊராட்சி நிர்வாகத்தைச் சார்ந்தது என்ற எண்ணமே இதற்குக் காரணம். ஆனால் நமது அரசியல் நிர்ணய சபையின் நடவடிக்கைகளை ஆராய்ந்தால், இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பது விளங்கும்.

அரசியல் நிர்ணய சபையில்

1947 ஜூலை 22-ஆம் நாள் தேசியக் கொடி பற்றிய தீர்மானத்தை ஜவாஹர்லால் நேரு முன்மொழிந்தார். விடுதலைப் போராட்டக் காலத்துக் கொடியில் இடம்பெற்றிருந்த இராட்டைக்குப் பதிலாக, சாரநாத் தூணில் உள்ள அசோகச் சக்கரம் ஏற்கப்பட்டது. முழு இராட்டையைப் பொறித்தால் கொடியின் மறுபுறத்தில் அது தலைகீழ்த் திசையில் தோன்றும் என்பதையும், இராட்டையின் முக்கிய உறுப்பான சக்கரம் நிலைத்திருப்பதையும் நேரு விளக்கினார். தீர்மானம் அன்றே ஒருமனதாக நிறைவேறியது.

கிராமத் தொழிலின் அடையாளம் கொடியில் இவ்வாறு நிலைத்தது. ஆயினும் கிராமத்தின் ஆட்சியுரிமை அத்துணை எளிதில் இடம்பெறவில்லை. அரசியல் சட்ட நகலில் பஞ்சாயத்துகள் பற்றிய பிரிவே இல்லை. 1948 நவம்பர் 4-ஆம் நாள் நகலை அவையில் வைத்துப் பேசிய டாக்டர் அம்பேத்கர், கிராமத்தைக் குறுகிய மனப்பான்மைக்கும் அறியாமைக்கும் சாதி உணர்வுக்கும் உறைவிடமாகவே கண்டார். ஒடுக்கப்பட்ட மக்களின் நெடிய அனுபவம் அக்கருத்தின் பின்னணியில் இருந்தது. உறுப்பினர் பலர் இதை மறுத்துப் பேசினர். நவம்பர் 22-ஆம் நாள் கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தை அம்பேத்கர் ஏற்றுக்கொண்டார். அதுவே இன்றைய 40-வது பிரிவு. எனினும் அது அரசு நெறிமுறைக் கோட்பாடு மட்டுமே. நீதிமன்றத்தின் வாயிலாக வலியுறுத்தத்தக்க உரிமையன்று.

நாற்பத்தைந்து ஆண்டு இடைவெளி

ஒரே நாளில் கொடியை ஏற்ற நாடு, பஞ்சாயத்துக்கு அரசியல் சட்டத் தகுதி அளிக்க நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. பல்வந்தராய் மேத்தா குழுவின் 1957-ஆம் ஆண்டு அறிக்கையும், அசோக் மேத்தா குழுவின் 1978-ஆம் ஆண்டு அறிக்கையும் வழிகாட்டின. 1989-இல் 64-வது திருத்த மசோதா மாநிலங்களவையில் தோல்வியுற்றது. 1992-இல் நிறைவேறிய 73-வது திருத்தம், 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. முறையான தேர்தல், தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படி இடஒதுக்கீடு, பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்கள் ஆகியன கட்டாயமாயின. அம்பேத்கரின் அச்சத்துக்கு இவ்வொதுக்கீடு ஓரளவு விடையளிக்கிறது எனலாம்.

பாலக்காடு, இடுக்கி எல்லையில்

இச்சீர்திருத்தத்தின் பொருளை நன்கு உணர, தமிழகத்தை ஒட்டிய கேரள எல்லைப் பகுதிகளை நோக்குதல் வேண்டும். பாலக்காடு மாவட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்து மலபாரைச் சேர்ந்திருந்தது. சித்தூர் கொச்சி அரசுக்கு உட்பட்டிருந்தது. தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூரில் இருந்தன. 1956 நவம்பர் 1 அன்று இவையனைத்தும் கேரளத்தில் அமைந்தன. சென்னை, திருவிதாங்கூர்-கொச்சி எனும் இருவேறு பஞ்சாயத்துச் சட்டங்களின் இடத்தில் 1960-இல் ஒரே சட்டம் வந்தது. 1972 ஜனவரி 26, குடியரசு நாளன்று, இடுக்கி மாவட்டம் உருவாயிற்று.

1994-ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டம் ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு கிராம சபையை ஏற்படுத்தியது. அது மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின்போது மாநிலத் திட்ட ஒதுக்கீட்டில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்க முடிவாயிற்று. குடிநீர், சாலை, வீடு ஆகியவற்றுக்கான பயனாளிகள் தேர்வு கிராம சபையின் முன் வந்தது.

இங்கேதான் மொழி முக்கியமாகிறது. மூணாறு தேயிலைத் தோட்டங்களிலும், கொழிஞ்சாம்பாறை முதலிய ஊர்களிலும் தமிழ் பேசும் மக்கள் மிகுதி. கூட்ட அறிவிப்பும் பயனாளிகள் விண்ணப்பமும் புரியாவிடில், சட்டம் தந்த உரிமை அவர்களுக்கு எட்டாது. குறைகளை நாட்டில் வழங்கும் எம்மொழியிலும் அரசுக்குத் தெரிவிக்க 350-வது பிரிவு உரிமை அளிக்கிறது. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசு அலுவலகங்களுடன் கடிதப் போக்குவரத்து நடத்த வகைசெய்தது. 2021-இல் தேவிகுளம் தொகுதி உறுப்பினர் சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி ஏற்றார். சட்டமன்றத்தில் கிடைக்கும் அவ்வுரிமை வார்டுக் கூட்டத்திலும் நடைமுறையாதல் வேண்டும்.

இடமலைக்குடி மற்றொரு பாடத்தைத் தருகிறது. முதுவர் பழங்குடியினர் வாழும் இவ்வூர், 2010-இல் மூணாறு பஞ்சாயத்திலிருந்து பிரிந்து கேரளத்தின் முதல் பழங்குடிக் கிராம பஞ்சாயத்து ஆயிற்று. ஆயினும் பல ஆண்டுகள் அதன் அலுவலகம் தேவிகுளத்திலிருந்தே இயங்கியது. சிறு அலுவலுக்கும் மக்கள் காட்டுவழியே செல்ல நேர்ந்தது. பஞ்சாயத்தைப் பெயரளவில் அமைத்தால் போதாது. அது மக்களின் நடைதூரத்தில் இயங்க வேண்டும்.

மதிப்பு எங்கே பிறக்கிறது?

1976-இல் 42-வது திருத்தம் கொடியையும் தேசிய கீதத்தையும் மதித்தலைக் குடிமக்களின் அடிப்படைக் கடமையாக்கியது. கேரளப் பள்ளி ஒன்றில் தேசிய கீதம் பாடாது எழுந்து நின்ற மூன்று குழந்தைகள் நீக்கப்பட்டபோது, மரியாதையுடன் நிற்பது அவமதிப்பன்று என உச்ச நீதிமன்றம் 1986-இல் தீர்ப்பளித்தது. சின்னத்தின் மதிப்பைக் கட்டாயத்தால் வளர்க்க இயலாது என்பதை இத்தீர்ப்பு நமக்கு நினைவூட்டுகிறது.

குடியரசு நாளில் கொடி ஏற்றப்படும் அதே பஞ்சாயத்து அலுவலகத்துக்குத்தான் மறுநாள் குடிநீர் கேட்டும், வீட்டுவரி செலுத்தவும் மக்கள் வருகின்றனர். அங்கு அவர்களது சொல் அவர்களது மொழியிலேயே கேட்கப்படுமானால், கொடியின்பால் கொள்ளும் பற்று தானே வேரூன்றும். மாதிரிப் பாராளுமன்றத்தில் அமரும் மாணவரும், கிராம சபையை நடத்தும் அலுவலரும் இதனை உளங்கொள்வது நலம்.