தோற்ற அணியிடமே வென்று காட்டிய பயிற்றுநர் ராஜகோபால்

சுங்கை ரம்பாய் போன்ற தோட்டப்புற ஊர்களில் பள்ளித் திடலில் பந்து உதைத்து வளர்ந்தவர்கள் பலர். மாநில அணி வரை போகக்கூடியவர்கள் அவர்களில் சிலர்தான். ஆனால் ஆட்டக்காரராக இருந்த ஒருவர் பின்னாளில் பயிற்றுநராகி நாட்டுக்கே பெயர் தேடித் தரலாம். அதற்கு நம்மவரிடையே உள்ள சான்று டத்தோ கே. ராஜகோபால்.

இளமையில் சிலாங்கூர் காற்பந்து அணிக்கு ஆடிய இவர், பிறகு பயிற்றுநர் பணிக்கு வந்தார். 2009-ஆம் ஆண்டு பி. சத்தியநாதனுக்குப் பிறகு தேசிய அணியின் பொறுப்பு இவரிடம் வந்தபோது மலேசியக் காற்பந்து தலைநிமிர முடியாத நிலையில் இருந்தது. சீ விளையாட்டுப் போட்டியில் காற்பந்துத் தங்கம் கிடைத்து 20 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவ்வாண்டு டிசம்பரில் லாவோசில் நடைபெற்ற சீ போட்டிக்கு 23 வயதுக்குட்பட்ட இளைஞர்களை அழைத்துச் சென்றார். பிரிவு ஆட்டத்தில் வியட்நாமிடம் 1-3 எனத் தோல்வி. ஆனாலும் தாய்லாந்தை 2-1 என வீழ்த்தி அணி அரையிறுதிக்குச் சென்றது. இறுதியாட்டத்தில் மீண்டும் அதே வியட்நாம். இம்முறை எதிரணி ஆட்டக்காரர் பந்தைத் தம் வலைக்குள்ளேயே தட்டிவிட, 1-0 என மலேசியா தங்கம் வென்றது.

அடுத்த ஆண்டு சுசுகி கிண்ணப் போட்டி. சாஃபிக் ரஹிம், நோர்ஷாருல், எஸ். குணாளன் எனத் தங்கம் வென்ற பிள்ளைகள் பலரையே ராஜகோபால் மூத்த அணியிலும் நம்பினார். முதல் ஆட்டத்தில் இந்தோனேசியாவிடம் 1-5 என்ற படுதோல்வி. அணியை அதோடு கைகழுவியவர்கள் நிறைய பேர். ஆனால் தாய்லாந்துடன் சமன், லாவோசை 5-1, அரையிறுதியில் வியட்நாமை 2-0 என அணி மெல்ல எழுந்தது.

டிசம்பர் 26-இல் புக்கிட் ஜாலில் அரங்கில் அதே இந்தோனேசியாவை 3-0 என வென்றது மலேசியா. அதில் இரண்டு கோல்கள் சாஃபி சாலி அடித்தவை. மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் கோல்காவலர் கைருல் ஃபாஹ்மி பெனால்டியைத் தடுத்தார். அங்கு 1-2 எனத் தோற்றாலும் மொத்தம் 4-2 என்ற கணக்கில் கிண்ணம் முதன்முறையாக மலேசியாவுக்கு வந்தது. டிசம்பர் 31-ஆம் தேதி பொது விடுமுறை அறிவிக்கப்பட்டது.

இரண்டு முறையும் நடந்தது ஒன்றே. முதலில் தோற்ற அணியிடமே கடைசியில் வெற்றி. ஒரு தோல்விக்காக இளம் ஆட்டக்காரர்களைக் கைவிடாததுதான் இதில் பயிற்றுநரின் பங்கு.

எல்லாம் வெற்றியாகவே அமைந்துவிடவில்லை. 2011-இல் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரிடமும், 2012 சுசுகி கிண்ண அரையிறுதியில் தாய்லாந்திடமும் அணி தோற்றது. 2013-உடன் அவர் தேசியப் பொறுப்பும் முடிவுக்கு வந்தது. ஆனால் அவர் தொடங்கியது நின்றுவிடவில்லை. 2011 சீ போட்டித் தங்கத்தை மலேசியா தக்கவைத்தபோது பயிற்றுநராக இருந்தவர் மலாக்காக்காரரான ஓங் கிம் சுவீ.

பயிற்றுநராக விரும்பும் இளைஞர்களுக்கு ஆசியக் காற்பந்துச் சம்மேளனத்தின் சி, பி, ஏ, புரோ எனப் படிப்படியான உரிமங்கள் உள்ளன. மாநில அணியில் இடம் கிடைக்காதவருக்கும் திடலில் வேலை இருக்கிறது. பள்ளித் திடலில் பத்துப் பிள்ளைகளைச் சேர்த்துப் பழக்குவதிலிருந்தும் அதைத் தொடங்கலாம்.