மொச்சைப் பூவை நாடும் நீல வண்ணத்துப்பூச்சி

மார்கழி, தை மாதங்களில் கொங்கு நாட்டு மொச்சைக் காடுகளில் பூங்கொத்துக்களைச் சுற்றிச் சிறிய நீல வண்ணத்துப்பூச்சிகள் பறப்பதை விவசாயிகள் கண்டிருப்பர். பார்வைக்கு அழகிய இதனைப் பயிரின் சத்துருவென்று எண்ணுவோர் சிலரே. பிஞ்சில் துளை கண்டபின் புழுவைத் தேடுதல் காலங்கடந்த காரியமாகும். பூச்சி வட்டமிடும்போதே மொட்டுக்களைச் சோதித்தல் வேண்டும்.

சாஸ்திர நூல்களில் இதன் பெயர் லாம்பிடஸ் போயெடிகஸ். ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 1767-ம் வருஷத்திலேயே இதனை வர்ணித்துள்ளார். ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா கண்டங்களிலும் இது உண்டு. 1945, 2013-ம் வருஷங்களில் கடல் கடந்து தென் இங்கிலாந்துக்கும் திரளாகச் சென்றது.

இறகு விரித்தால் அகலம் ஏறக்குறைய ஓர் அங்குலம். ஆணின் மேற்புறம் ஊதா கலந்த நீலம். பெண் பழுப்பு நிறம், இறகின் அடியில் மட்டும் நீலம் படர்ந்திருக்கும். இறகின் கீழ்ப்புறத்தில் வெண்ணிற அலைக்கோடுகள் உண்டு. பின்னிறகுக் கோடியில் மயிரிழை போன்ற வாலும், அதனருகே இரு கரும்புள்ளிகளும் காணப்படும். அமர்ந்தபடி இது பின்னிறகுகளை அசைக்க, வால்கள் உணர்கொம்புகளாகவும் புள்ளிகள் கண்களாகவும் தோன்றும். தலையென மயங்கிக் கொத்தும் பறவைக்கு இறகின் துணுக்கே மிஞ்சும்!

பெண்பூச்சி மொச்சை, அவரை, துவரை, சணப்பு முதலியவற்றின் மொட்டுக்களில் முட்டைகளைத் தனித்தனியே இடும். சில தினங்களில் வெளிவரும் புழு மொட்டைக் குடைந்து உட்புகும். பின்னர் பிஞ்சுக்குள் சென்று விதைகளைத் தின்னும். தட்டையான, இளம்பச்சை நிறமுள்ள இப்புழு நத்தைபோல் மெல்ல ஊர்வதாலும், பூவின் நிறத்தோடு ஒன்றிவிடுவதாலும் எளிதிற் புலப்படாது.

ஆனால் எறும்புகள் காட்டிக்கொடுத்துவிடும். புழுவின் முதுகிலுள்ள சுரப்பியிலிருந்து இனிய நீர் கசியும். அதனை நாடும் எறும்புகள் புழுவை விட்டகலா. அவை அருகிருப்பதால், புழுவின்மீது முட்டையிட வரும் குளவிகளும் தடைப்படும். ஆதலின் கறுப்பெறும்புகள் மொய்க்கும் பூங்கொத்தை விரித்துப் பார்த்தல் நலம். அசுவினியிருப்பினும் எறும்பு வருமாதலால், மொட்டில் துளையுண்டாவென நோக்குக.

புழுவுள்ள கொத்துக்களைக் கொய்து அழிக்கலாம். பூக்குந் தருணத்தில் 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு முழுதும் நீரில் ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கித் தெளிக்கலாம். தேனீக்கள் கூடு திரும்பிய மாலை வேளையே இதற்கு ஏற்றது. வரப்பிலுள்ள புளியாரையில் தாழப் பறக்கும் வாலில்லாத சிறு நீலப்பூச்சி வேறினம். அதனால் பயறுகளுக்குக் கெடுதியில்லை.