உங்களுக்குத் தெரியுமா? கேமரன் மலையில் அன்னாசியின் சொந்தக்காரர்கள்

● வரவேற்பறையை அலங்கரிக்கும் புரோமிலியாட் செடிகளும் அன்னாசியும் ஒரே குடும்பம். மேற்கு ஆப்பிரிக்காவில் வளரும் ஒரே ஓர் இனம் தவிர, மற்றவை எல்லாம் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை.

● “பூத்தது, அப்புறம் செத்துப்போச்சு!” இது உங்கள் குற்றமில்லை. கேமரன் மலையின் தேயிலைச் செடி பல பத்தாண்டுகள் கொழுந்து தரும். ஆனால் புரோமிலியாட் ஒருமுறைதான் பூக்கும். பிறகு தாய்ச்செடி மெல்ல ஓய்ந்து, அடியில் கன்றுகள் விடும். தாயின் உயரத்தில் பாதியளவு வளர்ந்ததும் பிரித்து நடலாம். அவசரப்பட்டுத் தூக்கி எறிவதுதான் தவறு.

● குஸ்மானியா, வ்ரீசியா போன்றவை காட்டில் மரக்கிளையில் ஒட்டி வாழ்பவை. வேர் பிடித்துக்கொள்ளத்தான், தண்ணீரை இலைக்குவளையே குடிக்கும். கேமரன் மலையின் சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் குளிரிலும் பனிமூட்டத்திலும் தொட்டி மண் லேசில் காயாது. அதில் தினமும் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும். நடு இலையை இழுத்ததும் கையோடு வந்தால் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம். தோட்டத்து மண் வேண்டாம். மரப்பட்டை, கரி, தேங்காய் மட்டைத் துண்டுகள் போதும்.

● தேயிலைக்கு மருந்து, புரோமிலியாடுக்கு நஞ்சு! நீலகிரியிலும் இலங்கையிலும் தேயிலையின் கொப்புள நோய்க்குத் தாமிரம் கலந்த பூஞ்சைக்கொல்லி அடிப்பது வழக்கம். அதன் சாரல் பட்டாலே புரோமிலியாட் இலை கருகக்கூடும். செம்புப் பாத்திரத்தில் பிடித்து வைத்த தண்ணீரும் ஆகாது. அந்தஸ்துக்காகப் பளபளக்கும் செம்புக் குடத்தில் நடுபவர்கள் கவனிக்க!

● குவளையில் நிற்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடலாம். கொசு உற்பத்திக்கு இடம் கொடுத்தால் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி மலேசியாவில் அபராதம் உண்டு. வாரம் ஒருமுறை கவிழ்த்துக் கொட்டிவிட்டு, புது மழைநீர் ஊற்றுங்கள்.

● நியோரெகேலியா என்ற புரோமிலியாடின் சிவப்பு வெளுத்துப் பச்சையாகிறதா? வெளிச்சம் பத்தவில்லை.

● வளர்ந்த செடி பூக்கவே மறுக்கிறதா? குவளை நீரைக் கொட்டிவிட்டு, நன்கு பழுத்த ஆப்பிளோடு சேர்த்துப் பிளாஸ்டிக் பையால் ஒரு வாரம் மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பழம் விடும் எத்திலீன் வாயுதான் பூவைத் தூண்டுகிறது. அசோர்ஸ் தீவுகளில் கண்ணாடி வீட்டுக்குள் புகை மூட்டி அன்னாசியைப் பூக்க வைத்ததும் இதே வாயுவால்தான். ஜொகூர் அன்னாசித் தோட்டங்களில் அந்த வேலையை இப்போது எத்திஃபான் என்ற வேதிப்பொருள் செய்கிறது. பையை எடுத்தபின் பூ வர இரண்டு மூன்று மாதமாகும். குளிரில் இன்னும் தாமதிக்கலாம்.