பலாப்பாலும் பனிச்சறுக்கும்

பலாப்பழம் அறுக்கும்முன் எங்கள் ஊரான வடக்குத்துப் பக்கம் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்வோம். பண்ருட்டிப் பலாவின் பால் ஒட்டிக்கொண்டால் சோப்புக்கெல்லாம் மசியாது. அதே குணமுள்ள ஒரு பசை கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்கு வீரர்களிடமும் உண்டு. பெயர் க்ளிஸ்டர். வெப்பம் ஏறிப் பனி ஈரமாகிவிடும் நாளில், ஸ்கீ கட்டையின் நடுப்பகுதியில் அதைத்தான் பூசுகிறார்கள்.

அந்தக் கட்டை லேசாக வில்போல் வளைந்திருக்கும். வீரர் காலை ஊன்றி உந்தும்போது மட்டும் நடுப்பகுதி பனியைத் தொட்டுப் பிடித்துக்கொள்ளும். மற்ற நேரம் கட்டையின் முன்பகுதியும் பின்பகுதியும் வழுக்கும். வழுக்குவதற்கு உதவுவது உராய்வில் உருகும் மெல்லிய நீர்ப்படலம். கடுங்குளிரில் அது போதாது. வெயில் அடித்தாலோ மிஞ்சிவிடும். நனைந்த இரண்டு கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்துவைத்துப் பிரித்துப் பாருங்கள், விடாது. ஈரப்பனி ஸ்கீயை அப்படித்தான் உறிஞ்சிப் பிடிக்கும். அதனால் டயரில் இருப்பதுபோல, நீர் வழிய அடிப்பக்கத்தில் நுண்ணிய கோடுகள் கீறுகிறார்கள்.

2014 பிப்ரவரி 14. ரஷ்யாவின் சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் 15 கிலோமீட்டர் பந்தயம். வெப்பம் பூஜ்யத்துக்கு மேலே நன்றாக ஏறியிருந்தது. நார்வேயின் ஜெஸ்பர்சன் உடையின் கைகளை வெட்டிவிட்டே ஓடினார். சுவிட்சர்லாந்தின் டாரியோ கொலோன்யா 38 நிமிடங்களில் முடித்துத் தங்கம் வென்றார். அதே இளகிய தடத்தில் ஜம்மு காஷ்மீரின் நதீம் இக்பாலும் 55 நிமிடங்கள் ஓடி 85-வதாக வந்தார். இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் மீதான தடை மூன்று நாள் முன்புதான் நீங்கியிருந்தது. அதனால் இந்திய வீரராகவே ஓடினார். பனிச்சறுக்குக்கு வசதிகள் இவ்வளவு குறைந்த நாட்டிலிருந்து போய், அப்படியொரு தடத்தை முழுதாக முடித்தவர். எனக்கு அந்த 85 பெரிய எண்ணாகவே படுகிறது.

தடம் இளகினால் காப்பாற்றுவது உப்பு. குல்ஃபி வண்டிக்காரர் ஐஸில் உப்பைப் போடுகிறாரே, அதே சூத்திரம். உப்பு பட்ட பனி உருகும். உருக ஒரு கிராமுக்கு 80 கலோரி வெப்பம் வேண்டும். அதைப் பக்கத்திலிருக்கும் ஈரப்பனியிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். வெப்பத்தை இழந்த அந்த ஈரம் இறுகிக் கெட்டியாகிவிடும். சோச்சியில் கையிருப்பு போதாமல் சுவிட்சர்லாந்திலிருந்து விமானத்தில் உப்பு வந்தது.

இதை எழுதுகிற எங்கள் ஊரைச் சுற்றிலும் பழுப்பு நிலக்கரி எரிகிறது. பனியை இளகவைக்கும் வெப்பத்தைக் கூட்டுவதில், இங்கே கிளம்பும் கரியமில வாயுவுக்கும் பங்குண்டு. அதற்கு ஊர் எல்லை கிடையாது, காஷ்மீரில் பனிச்சறுக்கு நடக்கும் குல்மார்க்கின் வானமும் அதற்கு ஒன்றுதான். என் வீட்டு விளக்கும் அந்த மின்சாரத்தில்தான் எரிகிறது என்பதால், இதைச் சொல்லாமல் தாண்டிப்போக என்னால் முடியவில்லை.

உப்புப் போட்டு இறுக்குவதற்கும் முதலில் பனி விழுந்திருக்க வேண்டும். 2025-ல் குல்மார்க்கில் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பிப்ரவரி 22-ல் தொடங்குவதாக இருந்தன. சரிவுகளில் பனி போதவில்லை, தள்ளிவைத்தார்கள். மாதக் கடைசியில் பனி கொட்டிய பிறகு, மார்ச் 9-ல்தான் வீரர்கள் தடத்தில் இறங்கினார்கள்.