முறைப்பெயரும் அயலாரும்

ஊரும் பேரும் அறியாத பெரியவரிடம் வழி கேட்கும் தமிழர் "ஐயா" என்பர். அன்றி "அண்ணே" என்றோ "தாத்தா" என்றோ அழைப்பர். பின்னவை இரண்டும் முறைப்பெயர்கள். அயலாரை உறவாக்கி அழைக்கும் இவ்வழக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஸ்பானிய மொழி வழங்கும் சில்லி நாட்டில், பாலர் வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியையைத் "தியா" என்பர். பெற்றோரின் உடன்பிறந்தாளைக் குறிக்கும் சொல் அது. மலாய் மொழியில் முதியவரை அழைக்கும் "பாக் சிக்" என்பது சிறிய தந்தை என்பதன் குறுக்கம். சிற்றப்பன் என்னும் தமிழ்ச்சொல்லின் அமைப்பும் அதுவே.

ஆயினும் தமிழில் இவ்வழக்கிற்குத் தனி ஒழுங்கு உண்டு. தந்தையின் உடன்பிறந்தான் பெரியப்பன் அல்லது சிற்றப்பன். அவன் மக்கள் உடன்பிறந்தார் முறையினர். தாயின் உடன்பிறந்தான் மாமன். அவன் மக்கள் மண உறவுக்கு உரியவர். ஆகவே, இளம்பெண் ஒருத்தி அயலான் ஒருவனை "அண்ணே" என்று விளிப்பது மரியாதை மட்டுமன்று. அவனை உடன்பிறந்தான் இடத்தில் நிறுத்தும் எல்லையும் ஆகும். அவனை அவள் "அத்தான்" என்று அழையாள். முறைப்பெயர் விளியேற்கும் வகையைத் தொல்காப்பிய விளிமரபு தனியே எடுத்துக் கூறுவதும் எண்ணத்தக்கது. மகன், மருமகன் என்னும் னகர ஈற்று முறைப்பெயர்கள் ஏகாரம் பெறும் என்பது அங்குள்ள விதி. இன்றைய "அண்ணே" என்பதன் இறுதியிலும் ஏகாரமே ஒலிக்கிறது.

இவ்வொழுங்கின் பயன் புலம்பெயர்ந்த இடத்தில் நன்கு விளங்கும். பேராக்கில் செமோர் போன்ற வட்டாரங்களின் ரப்பர்த் தோட்டங்களில், கங்காணி சேர்த்து வந்த சுற்றத்தாரோடு வேற்றூராரும் ஒரே லயத்தில் குடியிருந்தனர். திறன்சாராத் தொழிலாளரை மலாயாவுக்கு அனுப்புவதை 1938-இல் இந்திய அரசு தடை செய்தபின், ஊரிலிருந்து புதிய உறவினர் வரும் வழியும் அடைபட்டது. அண்டை வீட்டாரே அண்ணனும் அக்காளும் சித்தியும் ஆயினர். ஆனால் அச்சொற்கள் பெரும்பாலும் ஒரே நிலையினர்க்குள்ளேயே வழங்கின. மேலிருந்தவர் "துரை"; கிராணியார் "ஐயா". யாரை உறவாக எண்ணினர், யாரை எண்ணவில்லை என்பதை விளியே காட்டிவிடும்.

மொழி கடந்தபோது இச்சொற்கள் பொருள் மாறின. இந்திய ஆடவரை மலாய்க்காரரும் சீனரும் "அனே" என்று அழைப்பது இன்றும் உண்டு. "தம்பி" என்பதோ மலாய் வழக்கில் அலுவலக ஏவலாளின் பெயராகவும் நின்றது. அங்கே தம்பி உறவுப்பெயரன்று, தொழிற்பெயர்.

இன்று தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்பு மனைகளாகவும் மாறிவிட்டன. பிள்ளைகள் நாவில் "அங்கிள்", "ஆன்ட்டி" நிலைத்துவிட்டன. பல இனத்தார் வாழும் நாட்டில் எல்லார்க்கும் பொதுவான சொல் வேண்டியதே. கடைவீதியில் அதனைப் பழித்தல் வீண். வீட்டுக்குள்ளும் பெரியப்பன், சிற்றப்பன், மாமன் மூவரும் ஒரே "அங்கிள்" ஆகும்போதுதான் முறை மறைகிறது. முறைப்பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்வித்தல் அதற்கு மருந்தாகாது. "பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் மூதாட்டியை எப்பெயரால் அழைப்பாய்? ஏன்?" என்று வகுப்பில் வினவலாம். பாட்டியா, பெரியம்மாவா, அத்தையா என்று பிள்ளைகள் வழக்காடத் தொடங்கினால் பாடம் தானே நடந்துவிடும்.