நெதர்லாந்தின் ஊர்ப்பெயர்களும் குடும்பப்பெயர்களும்: ஒரு பெயராய்வு நோக்கு

முன்னுரை

ஊர்ப்பெயர்களும் ஆட்பெயர்களும் நிலவரலாற்றுக்குச் சான்றாகின்றன. ஆயினும், ஒரு பெயரின் இன்றைய வடிவத்தை மட்டும் கொண்டு பொருள் காண்பது பிழைக்கு இடமளிக்கும். இவ்விரு உண்மைகளையும் டச்சுப் பெயர்களின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

ஊர்ப்பெயர்கள்

டச்சு ஊர்ப்பெயர்களின் ஈறுகள் பெரிதும் நீரையும் நிலத்தையும் சார்ந்தவை. ஆம்ஸ்டெல் ஆற்றின் அணையருகே எழுந்த ஊர் ஆம்ஸ்டர்டாம். 1275-ஆம் ஆண்டின் சுங்கவிலக்கு ஆவணம் அவ்வணையைக் குறிப்பிடுகிறது. ரோட்டர்டாம், ரோட்டெ ஆற்றின் அணையால் பெயர்பெற்றது. 'வேன்' (ஹேரன்வேன்) என்பது சதுப்பு நிலத்தையும், 'ராடெ' (கெர்க்ராடெ) என்பது காடு வெட்டித் திருத்திய நிலத்தையும் குறிக்கும். நியூகோப் என்னும் ஊர்ப்பெயரின் ஈறு இன்றைய டச்சில் 'வாங்குதல்' எனப் பொருள்படும். அவ்வூர்ப்பெயரிலோ, சதுப்பைத் திருத்தவந்த குடியேறிகளுக்கு ஆட்சியாளர் இடைக்காலத்தில் அளித்த நில ஒப்பந்தத்தை அது சுட்டுகிறது. யூட்ரெக்ட், மாஸ்ட்ரிக்ட் ஆகியவற்றில் ஆற்றைக் கடக்கும் துறையைக் குறித்த 'திராயெக்தும்' என்னும் இலத்தீன் சொல் மறைந்துள்ளது.

குடும்பப்பெயர்கள்

இவற்றை நால்வகைப்படுத்தலாம்: தந்தைவழிப் பெயர் (யான்சன்), தொழிற்பெயர் (பாக்கர் - ரொட்டி சுடுபவர்), பண்புப்பெயர் (டெ யோங் - இளையவர்), இடப்பெயர் (வான் டைக் - கரையைச் சார்ந்தவர்). ஃபிரீசிய வழக்கில் இறுதிப் பெயரே 'டைக்ஸ்ட்ரா' என அமையும். ஊரைச் சுட்டும் பெயர் பெரும்பாலும் அவ்வூரை நீங்கியவர்க்கே அமைந்தது. சொந்த ஊரில் அப்பெயர் எவரையும் வேறுபடுத்தாது. கிழக்குப் பகுதியான துவெந்தெயில் பெயர் பண்ணைக்கு உரியது. மணவுறவால் பண்ணைக்கு வந்தவரும் அதன் பெயரை ஏற்றார். எனவே, பெயரொற்றுமை குருதியுறவுக்குச் சான்றாகாது.

1811-ஆம் ஆண்டு ஆணை

நெப்போலியனின் 1811 ஆகஸ்ட் 18-ஆம் நாள் ஆணை, குடும்பப்பெயரைப் பதிவுசெய்யுமாறு பணித்தது. ஆணையை எள்ளி மக்கள் நகைப்புக்குரிய பெயர்களைப் புனைந்தனர் என்னும் கதை பரவலாக வழங்குகிறது. 'ஆடையின்றிப் பிறந்தவர்' எனத் தோன்றும் 'நாக்ட்கெபோரன்' அதற்குச் சான்றாகக் காட்டப்படும். அப்பெயரோ ஆணைக்கு முன்பே வழக்கில் இருந்தது. தந்தை இறந்தபின் பிறந்தவரைக் குறிக்கும் சொல்லின் திரிபாக அதனைக் கொள்வர். பலர்க்கு முன்னரே வழிவழிப் பெயர் இருந்தது; ஆணை அதனை நிலைப்படுத்தியது. பெரும்பாலும் வடபகுதியினர் பலரும் யூதர் பலருமே புதுப்பெயர் கொள்ள நேர்ந்தது.

முடிவுரை

பழைய ஆவண வடிவம், வட்டார வழக்கு ஆகிய இரண்டையும் ஒப்புநோக்கிய பின்னரே பெயரை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுதல் தகும். அவ்வாறு நோக்காத பொருள்விளக்கம் சுவையான கதையாகலாம், வரலாறாகாது.