பயணச்சீட்டின் விலையும் உடலின் விலையும்

அன்னூரிலிருந்து சத்தியமங்கலம் சாலையில் எந்த ஊரில் இறங்கி விசாரித்தாலும், மகனையோ மகளையோ பார்க்கக் கடல் கடந்து சென்று திரும்பிய பெற்றோரை ஒரு வீட்டிலாவது காணலாம். மஞ்சளும் வாழையும் பயிரிட்டுப் பிள்ளைகளைப் பொறியியல் படிக்கவைத்த தலைமுறை அது. அவர்களில் பலருக்கு வாழ்வின் முதல் விமானப் பயணமே இருபது மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. பயணச்சீட்டைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள். அவர்கள் பார்ப்பது கைப்பேசித் திரையில் முதல் வரியில் நிற்கும் தொகையை. அந்தத் தொகையில் அடங்காதவை எவை என்பதை எழுத எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு.

எட்டு ஆண்டுகளுக்கு முன், மகளின் பேறுகாலத்துக்காக நானும் என் துணைவியாரும் சான் பிரான்சிஸ்கோ புறப்பட்டோம். சீட்டைத் தேர்ந்தெடுத்தது மகள் அல்லள். முப்பது ஆண்டுகள் பொருளாதாரம் கற்பித்த நான்தான். கோவையிலிருந்து மும்பைக்கு ஒரு நிறுவனத்தில் தனிச்சீட்டு. மும்பையிலிருந்து ஐரோப்பா வழியாக அமெரிக்காவுக்கு வேறொரு நிறுவனத்தில் தனிச்சீட்டு. இருவருக்கும் சேர்த்து ரூ.26,000 மிச்சம் என்று பெருமிதம் வேறு. கோவை விமானம் மூன்று மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. மும்பையில் அடுத்த விமானம் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. இரண்டும் தனித்தனிப் பதிவுகள் என்பதால் முதல் நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை. இரண்டாம் நிறுவனத்துக்கோ நாங்கள் வராத பயணிகள். தண்டமும் கட்டண வேறுபாடும் செலுத்தி மறுநாள் கிளம்பியபோது, மிச்சம் பிடித்ததைப் போல மூன்று மடங்கு செலவாகியிருந்தது.

பணம் போனது பெரிதன்று. கடைசி நேரத்தில் கிடைத்தவை நடுவரிசையின் நடு இருக்கைகள். பக்கத்தில் உறங்கியவரை எழுப்பக் கூசி, என் துணைவியார் பதினொரு மணி நேரம் எழவே இல்லை. எழ நேருமே என்று தண்ணீரும் அருந்தவில்லை. "எழுப்பறதுக்குச் சங்கட்டமா இருந்துதுங்க" என்று பிறகு சொன்னார். மூன்றாம் நாள் அவரது இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தது. ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருப்பதாக மருத்துவமனையில் கூறினர். மூன்று மாதங்கள் உறைவெதிர்ப்பு மருந்து. பேறுகாலத்துக்குத் துணையாகச் சென்றவர், பிள்ளை பெற்ற மகளின் பராமரிப்பில் இருக்க நேர்ந்தது.

விமானக் கட்டணம் ஏன் நாளுக்கொரு விதமாக மாறுகிறது என்று பலர் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் அரசே கட்டணத்தை நிர்ணயித்தது. அமெரிக்காவில் 1978-இல் அந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அதை முன்னின்று நடத்தியவர் ஆல்ஃபிரட் கான் என்ற பொருளாதாரப் பேராசிரியர். அதன்பின் விமான நிறுவனங்கள், ஒரே இருக்கையை அவசரக்காரருக்கு அதிக விலைக்கும் காத்திருக்கக்கூடியவருக்குக் குறைந்த விலைக்கும் விற்கும் கலையைக் கணினியின் துணையோடு தேர்ச்சி பெறச் செய்தன. ஆர்தர் பிகு 1920-இலேயே விளக்கிய விலைப் பாகுபாடுதான் இது. ஓய்வுபெற்றவருக்கு இதில் ஒரு சாதகம் உண்டு: பள்ளி விடுமுறைக்கும் கிறிஸ்துமஸுக்கும் நாம் பறக்க வேண்டியதில்லை. பிப்ரவரியிலோ செப்டம்பரிலோ, வாரத்தின் நடுநாளில் போகலாம். ஆனால், திரும்பும் தேதி பேரக்குழந்தையைப் பொறுத்தது என்பதால், தேதி மாற்றத்துக்குப் பெருந்தொகை கேட்கும் சீட்டு மலிவுச் சீட்டு ஆகாது.

கேரி பெக்கர் 1965-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, ஒரு பொருளின் உண்மையான விலையில் அதற்குச் செலவாகும் நேரத்தின் மதிப்பும் அடங்கும் என்றது. இதை வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். ஓய்வுபெற்றவரின் நேரத்துக்குச் சந்தையில் விலை இல்லை. ஆகவே பதினான்கு மணி நேரம் விமான நிலைய நாற்காலியில் காத்திருக்க வைக்கும் மலிவுச் சீட்டு நமக்கே உரியது என்று தோன்றும். நான் செய்த பிழை இங்கேதான். முதுமையில் நேரம் மலிவாகலாம், உடல் மலிவாவதில்லை. முப்பது வயது மென்பொருள் பொறியாளர் ஓர் இரவுத் தூக்கத்தோடு ஈடுகட்டிவிடும் பயணத்துக்கு, அறுபதைக் கடந்தவர் வாரக்கணக்கில் தவணை கட்டுகிறார்.

ஆகவே என் முதல் விதி, புறப்பாடு முதல் சேருமிடம் வரை ஒரே பதிவு. ஒரே பதிவில் இணைப்பு விமானம் தவறினால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்தைச் சேரும். பெட்டிகளின் எடைக்கணக்கும் இதில் அடங்கும்: அமெரிக்கப் பயணங்களில் பெரும்பாலும் தலைக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டிகள் அனுமதி, தனிச்சீட்டில் ஏறும் உள்நாட்டு விமானத்திலோ வழக்கமாக 15 கிலோதான். பருப்புப்பொடியும் முறுக்கும் நிறைந்த பெட்டியைக் கட்டணக் கவுன்ட்டரில் பிரித்து அடுக்கும் பெற்றோரைப் பார்க்கும்போது மனம் சங்கடப்படுகிறது.

அடுத்தது, எங்கே ஏறுவது என்பது. கோவை விமான நிலையத்திலிருந்து நேரடி வெளிநாட்டுச் சேவை சிங்கப்பூருக்கும் வளைகுடாவின் ஓரிரு நகரங்களுக்கும்தான். விரிவாக்கத்துக்கான நிலமெடுப்பு பத்தாண்டுகளுக்கு மேல் இழுபட்டதன் விலையை இப்பகுதிப் பயணிகள் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் நம்மவர் பாலக்காட்டுக் கணவாய் வழியே நெடும்பாசேரிக்கோ, சேலம் வழியே பெங்களூருவின் தேவனஹள்ளிக்கோ காரில் செல்கின்றனர். 2021 ஜனவரியில் பெண் விமானிகளே இயக்கிய ஏர் இந்தியா விமானம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவப் பகுதியின் மேலாகப் பறந்து பெங்களூரு வந்தபோது, இனி ஒரே தாவலில் அமெரிக்கா என்று நானும் மகிழ்ந்தேன். ஆனால் ஏழெட்டு மணி நேரக் கார் பயணத்துக்குப் பின் பதினாறு மணி நேரம் இடைவிடாது அமர்வது இளைஞருக்குத்தான் வசதி. உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் சிரையில் ரத்தம் உறையும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்றது. விமானம் மட்டுமன்று, கார், பேருந்து, ரயிலுக்கும் இது பொருந்தும். ஆரோக்கியமானவர்களில் சுமார் ஆறாயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவிலான அபாயம்தான் அது. முதுமையும் உடற்பருமனும் அண்மையில் செய்த அறுவைச் சிகிச்சையும் புற்றுநோயும் முன்பே உறைவு கண்ட வரலாறும் அதை உயர்த்தும்.

மூன்றாவதாக, எந்த விமானம் என்று பார்க்க வேண்டும். இதைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. விமானம் முப்பத்தைந்தாயிரம் அடிக்கு மேல் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி, அதாவது 2,438 மீட்டர் உயரத்தில் உள்ளதுபோல் வைக்கப்படுகிறது. உதகை நகரம் 2,240 மீட்டர். ஆக, பழைய வகை விமானத்தில் நாம் உதகைக்கும் சற்று மேலே அமர்ந்திருக்கிறோம். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் இது ஏறத்தாழ 6,000 அடி, குன்னூரின் உயரம். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறியவர்களுக்கு இந்த வேறுபாடு புரியும். உயரம் கூடக் கூட ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். வயிற்றுக் காற்று விரிந்து உப்பும். ஆரோக்கியமானவர் இதை உணர்வதில்லை. இதய, நுரையீரல் நோயாளிகள் முன்கூட்டியே மருத்துவரைக் கேட்க வேண்டும். காற்றின் ஈரப்பதமும் இருபது விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும். தொண்டை வறள்வது அதனால்தான்.

இருக்கையின் அகலத்தையும் கவனிக்கலாம். 777 விமானத்தில் முன்பு வரிசைக்கு ஒன்பது பேர். இன்று பல நிறுவனங்கள் பத்துப் பேரை அமர்த்துகின்றன. வணிக வகுப்புக்கு மூன்று மடங்கு கொடுப்பது நம் போன்றோருக்கு இயலாது. ஆனால் நடைபாதை ஓர இருக்கைக்குக் கேட்கும் சில ஆயிரங்களைக் கொடுக்கத் தயங்கக் கூடாது. கணவனும் மனைவியும் ஒட்டி அமர வேண்டும் என்பதற்காக ஒருவர் நடுவில் சிக்குவதைவிட, நடைபாதைக்கு இருபுறமும் ஓரத்தில் அமர்வதே மேல்.

மணிக்கொரு முறை எழுந்து நடப்பது, அமர்ந்தபடியே குதிகாலையும் விரல்நுனியையும் மாறி மாறி உயர்த்துவது, தண்ணீர் குடிப்பது, மதுவையும் தூக்க மாத்திரையையும் தவிர்ப்பது: இவை செலவில்லாதவை. அழுத்தக் காலுறை அறிகுறியற்ற உறைவுகளைக் குறைக்கிறது என்று காக்ரேன் மதிப்பாய்வு கண்டுள்ளது. அளவைப் பார்த்து வாங்க வேண்டும், கால்களில் ரத்த ஓட்டக் குறைபாடு உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் அணியக் கூடாது. ஆஸ்பிரினைத் தாமே விழுங்குவதும் வேண்டாம். இரு பாதங்களும் சற்று வீங்குவது இயல்பு. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, பயணம் முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தாலும் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். இன்சுலினும் அன்றாட மாத்திரைகளும் மருத்துவர் சீட்டோடு கைப்பையில் இருக்கட்டும்.

சக்கர நாற்காலி பற்றியும் ஒரு சொல். நன்றாக நடக்கும் பெற்றோருக்கும் பிள்ளைகள் அதைப் பதிவு செய்கிறார்கள். காரணம் கால் அன்று, மொழி. அந்நிய நிலையத்தில் ஆங்கிலம் தெரியாமல் திகைப்பார்களே என்ற அச்சம். அச்சம் நியாயமானது. ஆனால் உண்மையில் நடக்க இயலாதவர் அதனால் வரிசையில் காத்துக் கிடக்கிறார். நடக்கக் கிடைத்த ஒரே வாய்ப்பையும் நம்மவர் இழக்கிறார். மொழி தெரியாத முதியோருக்கு உடன் வந்து வழிகாட்டும் பணியாளரை மட்டும் அனுப்பும் சேவையை எல்லா நிறுவனங்களும் தெளிவாக அறிவித்தால், பாதி நாற்காலிகள் மிஞ்சும் என்பது என் எண்ணம்.

வரும் பிப்ரவரியில் மீண்டும் புறப்படுகிறோம். முன்பு உறைவு கண்டவர் என்பதால் என் துணைவியாருக்கு மருத்துவரின் ஆலோசனை பெற்றாயிற்று. கோவையில் ஏறி, சிங்கப்பூர் வழியாக, ஒரே பதிவு. நீண்ட கட்டத்துக்கு ஏ350. சாங்கி நிலையத்தின் உள்ளேயே உள்ள விடுதியில் எட்டு மணி நேரம் படுத்து எழ அறை. திரையில் முதலில் நின்ற சீட்டைவிட இருவருக்கும் சேர்த்து ரூ.31,000 அதிகம். "ஏனப்பா இவ்வளவு?" என்று மகள் கேட்டாள். அருகில் இருந்த அவள் அம்மா, நடைபாதை ஓரத்தில் இரண்டு இருக்கைகள் உறுதியாகிவிட்டனவா என்று மட்டும் கேட்டார்.